சாயம் கட்டாத கையுறை

மாலே,
5 ஜூலை 1998

நத்தா,

நிச்சயதார்த்தத்தன்று உன் அம்மா என்னைத் தனியாக அழைத்து, "இனிமே அவன நீங்கன்னு எழுதும்மா" என்றார்கள். முயன்று பார்த்தேன். சண்டே ஸ்கூலில் என் பின்னலை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு ஓடியவனுக்கு அது வரவில்லை. எனவே ஒரு ஏற்பாடு: கோபம் வந்தால் மட்டும் 'நீங்கள்' போடுவேன். அதைப் பார்த்து ஜாக்கிரதையாக இரு.

முதலில் முக்கியமான விஷயம். என்னை ஆபரேஷன் தியேட்டருக்கு மாற்றிவிட்டார்கள். இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டால் தியேட்டர் பொறுப்பு நர்ஸ் நான்தான் என்று மேட்ரன் சொல்கிறார். ஆம்பூர் நர்சிங் ஹோமில் நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். பெட்பேன் கழுவினேன், டாக்டரம்மாவுக்குக் கத்தரிக்காய் வாங்கி வந்தேன். இங்கே டாக்டர் கை நீட்டினால் எந்தக் கத்திரியைக் கேட்கப் போகிறார் என்று எனக்கு முன்பே தெரிகிறது. ஜனவரியில் ஒரு மாத லீவு கிடைக்கும். வந்து கல்யாணம் செய்துகொள்கிறேன். பிறகு திரும்பி வந்து ஒரு வருஷத்தை முடித்துவிட்டு, மொத்தமாக வந்துவிடுகிறேன். உன் அம்மாவிடம் சொல்.

இரண்டாவது விஷயம் உனக்குப் பிடிக்கும். எங்கள் மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மனிக் என்பவர் மாலத்தீவு ஃபுட்பால் முதல் டிவிஷனில் கோல்கீப்பராம்! போன வாரம் விரல் பிசகி வந்தார். விரலை இழுத்து மூட்டில் உட்கார வைத்தேன். மறுநாள் கோச் ஜலீல், பள்ளிக்கூட பி.டி. வாத்தியார், வந்து "எங்க கண்டு கிளப்புக்கு மேட்ச் நாள்ல மருந்துப் பையோட வர்றியா சிஸ்டர்?" என்றார். கண்டு என்றால் கடல். எல்லோரும் இந்திப் படம் பார்க்கிறவர்கள். நான் ஆம்பூர் பஜார் உருதுவில் பேசினால் புரிந்துகொள்கிறார்கள். வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்றால் மட்டும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எந்தப் படத்திலும் அந்த வார்த்தை இல்லையாம்.

எட்டு அணிகள், ஒரே மைதானம். வெளியூர் ஆட்டமே கிடையாது. வெளியூர் போனால் கடலில்தான் விழ வேண்டும்.

முதல் ஆட்டத்தில் நாலு கோல் வாங்கினோம். அது ஜாஸ்தியா கம்மியா?

ஜெனிஃபா


ஆம்பூர்,
22 ஜூலை 1998

ஜெனி,

நாலு கோல் ஜாஸ்தி. ரொம்ப ஜாஸ்தி.

கல்யாண விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். "தாலி கட்டின கையோட கப்பல் ஏத்தி உடுறதா? ஊரு காறித் துப்பும்" என்றாள். கப்பல் இல்லை, விமானம் என்றேன். அடுப்பங்கரைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். எனக்கும் பிடிக்கவில்லை, நேராகவே சொல்கிறேன். கல்யாணம் ஆன மறுமாதம் நான் தனியாகப் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? டிசம்பரில் வேலையை விட்டுவிட்டு வா. ஆஸ்பத்திரி வேலூரிலும் இருக்கிறது.

என் பாடு பேஜாராக இருக்கிறது. கம்பெனி கேட்டில் பெண்களின் சாப்பாட்டுப் பையைக் கொட்டிச் சோதனை போடுகிறார்கள். தையல் பிரிவு விஜயகுமாரி அக்காவின் புளிசோற்றில் விரலை விட்டுக் கிளறினான் செக்யூரிட்டி. தோல் துண்டைச் சோற்றுக்குள் ஒளிக்கிறார்களாம். ஐரோப்பாவுக்கு ஷூ அனுப்புகிற கம்பெனி, அதைத் தைத்தவள் சோற்றில் கை விடுகிறது. நான் கத்தினேன். மறுவாரம் கம்பெனி ஃபுட்பால் டீமிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். லெஃப்ட் விங்கில் இப்போது முதலாளியின் மச்சான் மகன். பந்து வந்தால் மல்லிகைச் செடியைத் தாண்டுகிற மாதிரி தாண்டுகிறான். நாங்கள் விளையாடிய பேட்டை மைதானத்திலோ டேனரிச் சேற்றைக் கொட்டிக் காயவைக்கிறார்கள். இந்த வருஷம் எனக்கு ஆட்டமே இல்லை.

அதனால் உன் கிளப்பைப் பற்றி விவரமாக எழுது. நாலு கோலும் எப்படி விழுந்தன? யார் எங்கே நின்றார்கள்? நர்ஸ்தானே, கேஸ் ஷீட் எழுதுவது போல எழுது.

எழுதினாலும் ஒன்றும் ஆகாது. உன் கண்டு கிளப் கடைசி இடத்துக்குத்தான் வரும், இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கும். பந்தயம் கட்டுகிறாயா? கடைசி வந்தால் நீ டிசம்பரில் வேலையை விட வேண்டும். வராவிட்டால் ஜனவரியில் கல்யாணம், பிப்ரவரியில் நீ திரும்பிப் போ. அம்மாவை நானே சமாளிக்கிறேன், நானும் எதிர்த்து வாயே திறக்கமாட்டேன்.

நத்தானியேல்


மாலே,
6 ஆகஸ்ட் 1998

நத்தானியேல் அவர்களுக்கு,

நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. நீங்கள் விஜயகுமாரி அக்காவுக்காகக் கேட்டில் கத்தினீர்கள் என்று படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த பத்தியிலேயே நீங்கள் என் வேலையில் விரலை விட்டுக் கிளறினீர்கள். கம்பெனிக்கு ஒரு சட்டம், உங்கள் வீட்டுக்கு ஒரு சட்டமா? ஊர் காறித் துப்பும் என்கிறார்கள் உங்கள் அம்மா. பாலாற்றில் டேனரித் தண்ணீர் ஓடுகிறது, அதற்கு எந்த ஊர் துப்பியது?

பந்தயத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். என் வாழ்க்கையைப் பந்தின் மேல் வைக்க நீங்கள் யார் என்று கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் உங்கள் அம்மாவைச் சமாளிக்க வேறு யாரும் இல்லை. நீங்கள் வார்த்தை மாறாதவர். அதனால்தான்.

கேஸ் ஷீட் இதோ. பந்து எங்கே போனாலும் எங்கள் ஆட்கள் எல்லோரும் அங்கே ஓடுகிறார்கள், கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் வந்த மாதிரி. பின்னால் மனிக் மட்டும் தனியாக நிற்கிறார். எதிரணிக்காரன் ஒருவன் சாவகாசமாக வந்து, எந்தப் பக்கம் அடிக்கலாம் என்று யோசித்து அடிக்கிறான். மனிக் எந்தப் பந்தையும் பிடிப்பதில்லை, குத்துகிறார். மழையில் விரல் வழுக்குகிறதாம். குத்திய பந்து நேராக இன்னொருவன் காலுக்குப் போகிறது.

இதுவரை ஒரு டிரா, மற்றதெல்லாம் தோல்வி. சந்தோஷமா உங்களுக்கு?

ஜெனிஃபா

பி.கு.: கூரையைப் பார்த்துக்கொண்டு படுப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இங்கே எனக்கும் ஒரு கூரை இருக்கிறது.


ஆம்பூர்,
24 ஆகஸ்ட் 1998

ஜெனி,

பின்குறிப்பைப் பலமுறை படித்தேன். மற்றதை ஒருமுறைதான் படித்தேன், அதுவே போதுமாக இருந்தது.

பந்தயம் பந்தயம்தான். அதில் மாற்றமில்லை. ஆனால் உன் கேஸ் ஷீட்டைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரியவர்கள் இப்படியா ஆடுவார்கள்? நாலு பேர், கேட்கிறதா, நாலு பேர் பின்னாலேயே நிற்க வேண்டும். ஐஸ்கிரீம் வந்தாலும் சரி, பிரியாணி வந்தாலும் சரி, பாதிக் கோட்டைத் தாண்டக் கூடாது. ஜலீல் சாரிடம் சொல். நான் சொன்னேன் என்று சொல்லாதே. பந்தயக்காரனே யோசனை சொல்கிறான் என்றால் சிரிப்பார்கள்.

இன்னொன்று. கீப்பருக்குக் கையுறை இல்லையா? ஒரு நாட்டின் முதல் டிவிஷன், வெறும் கையா? என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் கம்பெனி டேனரியில் தோலுக்குச் சாயம் போடும் கவுஸ் பாஷா பாயைப் போய்ப் பார்த்தேன். "இன்னா நத்தா, மாமியார் ஊட்டுக்கு சீர் வரிசையா?" என்றார். வெளிநாட்டு மகாராணிகளுக்குக் கையுறை செய்யும் செம்மறித் தோல், வெண்ணெய் மாதிரி. சாம்பிள் பார்த்துக் கழித்ததில் ஒரு துண்டைக் காசு கொடுத்துச் சீட்டோடு வாங்கினேன். திருடவில்லை. கேட்டில் அந்தச் சீட்டைச் செக்யூரிட்டியின் மூக்குக்கு நேராக நீட்டினேன். விஜயகுமாரி அக்கா வீட்டு மிஷினில் தைத்துக் கொடுத்தார். நிறம் ஊதா. வேறு நிறம் இல்லை.

குடியாத்தத்துப் பூங்குழலி லீவு முடிந்து உங்கள் ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிறாள் அல்லவா, அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். உள்ளே உனக்குப் பிடித்த இனிப்பு, ஒரு பொட்டலம் மக்கன் பேடாவும் இருக்கிறது. அது மனிக்குக்கு அல்ல.

இதனால் நான் தோற்க விரும்புகிறேன் என்று நினைத்துவிடாதே. நான் ஜெயிக்கத்தான் போகிறேன். ஒழுங்காக ஆடித் தோற்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

நத்தா


மாலே,
20 செப்டம்பர் 1998

நத்தா,

சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலிக்கிறது. முதலில் மக்கன் பேடாவுக்கு நன்றி. பாதியைப் பூங்குழலி வழியிலேயே தின்றுவிட்டாள். ஒப்புக்கொள்ளமாட்டேன் என்கிறாள், மேலுதட்டில் ஜீரா.

உன் கையுறையை மனிக் போட்டுப் பார்த்து, முகர்ந்து, கன்னத்தில் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஆட்டம், வானம் பிளந்த மாதிரி மழை. முதல் பந்தைப் பிடித்தார். குத்தவில்லை நத்தா, பிடித்தார்! ஈரத்தில் அந்தத் தோல் பந்தோடு ஒட்டிக்கொண்டது. அரங்கமே கத்தியது. அவர் பந்தை உருட்டிவிட்டார். வெள்ளைப் பந்தில் ஊதாவாக ஒரு முழுக் கை, பத்திரப் பதிவு ஆபீசில் வைத்த மாதிரி.

பாதி ஆட்டத்துக்குள் பந்து கத்தரிக்காய் ஆகிவிட்டது. எதிரணி ஃபார்வர்டு தலையால் முட்டினான், நெற்றியில் ஊதா. மனிக் வியர்வையைத் துடைத்தார், மீசை ஊதா. கையுறையைக் கழற்றினால் மணிக்கட்டு வரை ஊதா. மறுநாள் மருந்தகத்தில் அவர் மாத்திரை நீட்டினால் ஒரு கிழவி வாங்கமாட்டேன் என்றாள். ஜென்ஷன் வயலட் மருந்து தடவிய சொறிக்காரர் என்று நினைத்துவிட்டாள். மேட்ரன் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். நான்தான் போய் விளக்கினேன். "உன் மாப்பிள்ளை என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டார். தோல் வேலை என்றேன். "அப்படியா, தெரிகிறது" என்றார்.

ஆனால் கேள்: ஒன்றுக்குப் பூஜ்யம், ஜெயித்துவிட்டோம். உன் நாலு பேரும் பின்னாலேயே நின்றார்கள். யாராவது முன்னால் ஓடினால் அணி முழுக்க "நக்கோ! நக்கோ!" என்று கத்துகிறது. அது இப்போது கிளப்பின் சொந்த வார்த்தை ஆகிவிட்டது. ஜலீல் சார் வேறு கையுறை வாங்கித் தருகிறேன் என்றார். மனிக் தரமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஒரு குறை. நம் ஆளே காலால் தட்டிக் கொடுத்த பந்தை மனிக் கையால் எடுத்துவிடுகிறார். பழைய பழக்கமாம். முந்தைய ஆட்டங்களில் இரண்டு முறை ரெஃப்ரி ஊதி, எதிரணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்தார். ஒன்று கோல்.

அது சரி, சாயம் ஏன் இப்படிப் போகிறது? பந்தயத்தில் ஜெயிக்கச் செய்த சதியா?

ஜெனிஃபா


ஆம்பூர்,
8 அக்டோபர் 1998

ஜெனி,

சதி இல்லை. அவசரம். சாயம் போட்ட தோலை டிரம்மில் சுற்றிய பிறகு ஆசிட் விட்டு நிறத்தைக் கட்ட வேண்டும். அப்போதுதான் தோலோடு சாயம் சேரும். அந்தத் துண்டைக் கழித்ததே அதனால்தான், ஆசிட் விடுவதற்கு முன் எடுத்துப் பார்த்த சாம்பிள் அது. பூங்குழலி மறுநாள் கிளம்புகிறாள் என்று நான்தான் கவுஸ் பாயை நெருக்கினேன். உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் தலையில் அடித்துக்கொண்டார். "தோஸ்த், முப்பது வருசமா சாயம் போடுறேன். என் பேர வெளிநாட்ல இப்டியா நாசம் பண்றது? நாந்தான் குடுத்தேன்னு அங்க யாருக்கும் சொல்லிடாத" என்றார். நீயும் சொல்லாதே.

விஜயகுமாரி அக்காவுக்குப் பந்தய விஷயம் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஏன்டா, என் சோத்துப் பைக்கு சண்ட போட்ட. அந்தப் பொண்ணு வேலய மட்டும் பந்து மேல வச்சியா? நீ இன்னா செக்யூரிட்டியா?" தையல் பிரிவே சிரித்தது. இப்போது நான் போகிற வழியெல்லாம் "செக்யூரிட்டி வர்றாரு, பைய தொறங்கடி" என்கிறார்கள். நீயும் இதையேதான் கேட்டாய். பந்தயத்தை ரத்து செய்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு, நான் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்ததாக ஆகும், நீ அதை வாங்கிக்கொள்ளமாட்டாய் என்று தோன்றியது. நீ ஜெயித்தே எடுத்துக்கொள்.

இப்போது நான் எழுதக் கூடாத ஒன்றை எழுதுகிறேன். மனிக் கையால் எடுப்பதை நிறுத்தச் சொல். நிறுத்தமாட்டார், கீப்பர்களை எனக்குத் தெரியும். எனவே இதைப் படித்துக் காட்டு. அந்தக் குற்றத்துக்குக் கொடுப்பது நேரடியாக கோல் அடிக்க முடியாத ஃப்ரீ கிக். அடையாளம், ரெஃப்ரி கையைத் தலைக்கு மேல் தூக்கியே வைத்திருப்பார். அடித்த பந்து வேறு யார் மேலும் படாமல் வலைக்குள் போனால் கோல் இல்லை. நம் கோல் கிக். கீப்பரின் நகம் பட்டால்கூட கோல்தான். வாணியம்பாடியில் ஒருமுறை எங்கள் கீப்பர் நவநீதன் பாய்ந்து விரல் நுனியில் தொட்டான், அருமையான பாய்ச்சல், அதனாலேயே தோற்றோம். இன்றைக்கும் அவனை 'நுனிவிரல்' என்றுதான் கூப்பிடுகிறோம். எனவே, ரெஃப்ரியின் கை மேலே இருந்தால் மனிக் தன் கையைக் கீழே போட வேண்டும். பந்து போகட்டும். அது ரொம்பக் கஷ்டம். வருகிற பந்தை விடுவது எந்தக் கீப்பருக்கும் உடம்பிலேயே கிடையாது.

பட்டியலில் எங்கே நிற்கிறீர்கள்?

நத்தா


மாலே,
21 நவம்பர் 1998

நத்தா,

நேற்று கடைசி ஆட்டம். தோற்றால் நாங்கள் கடைசி, டிரா ஆனால் பிழைத்தோம். எதிரணி பட்டியலில் இரண்டாவது. இதற்கு முன்பு எங்களுக்கு நாலு கோல் போட்டவர்கள்.

உன் கடிதத்தை ஜலீல் சார் வீட்டில் நான் படித்துச் சொல்ல, அவர் தங்கள் திவேகி மொழியில் சொல்ல, மனிக் தலையாட்டினார். தலையாட்டிய விதத்திலேயே தெரிந்தது, ஏறவில்லை என்று.

மழை. மனிக்கின் கையுறை மறுபடி அழுதது. ஆனால் எதையும் விடவில்லை. உன் நாலு பேரும் சுவர் மாதிரி நின்றார்கள். கோல் இல்லை, கோல் இல்லை, ஆட்டம் முடியப் போகிறது. வெளியே கட்டடம் கட்டும் வங்காளதேசத்து ஆட்கள் சாரத்தின் மேல் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து எங்களுக்காகக் கத்துகிறார்கள். அவர்களால் டிக்கெட் வாங்க முடியாது, நத்தா. யார் கடைசியில் நிற்கிறார்களோ அவர்களுக்காகத்தான் அவர்கள் கத்துவார்களாம், ஒருவர் சொன்னார். உனக்குப் பிடித்திருக்கும்.

அப்போது நம் ஆளே பந்தைத் தட்டிக் கொடுத்தான். மனிக் கையால் எடுத்தார்.

விசில். கோலுக்குப் பக்கத்திலேயே ஃப்ரீ கிக். எதிரணி கேப்டன் ஊதாப் பந்தைத் தூக்கிக் காட்டி, இது வழுக்குகிறது, வேறு பந்து கொடு என்று சண்டை போட்டான். ரெஃப்ரி புதுப் பந்தை வாங்கித் தந்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. ரெஃப்ரி கையைத் தலைக்கு மேல் தூக்கினார். மனிக் முழங்காலை மடக்கிப் பாயத் தயாராகிறார். எனக்கு நவநீதன் ஞாபகம் வந்தது. மருந்துப் பையைப் போட்டுவிட்டுக் கோட்டு ஓரம் ஓடி, கை வைக்காதே என்று கத்தினேன்.

"ஹாத் நக்கோ லகா! மனிக்! ஹாத் நக்கோ!"

அணி முழுக்க, பிறகு சாரத்து மேலிருந்தவர்களும், "நக்கோ! நக்கோ!" அவன் நேராக கோலுக்கே அடித்தான். மனிக் பாய்ந்துவிட்டார். பாய்ந்த பாதியில் இரண்டு கையையும் நெஞ்சோடு இழுத்துக்கொண்டார், சுடுதண்ணீரைப் பார்த்த பூனை மாதிரி. பந்து வலைக்குள்.

எதிரணி ஆடிக் குதித்தது. கீப்பர் தொட்டார், நாங்கள் பார்த்தோம், கோல் என்று பதினோரு பேரும் ரெஃப்ரியைச் சுற்றிக்கொண்டார்கள். லைன்ஸ்மேன் தெரியவில்லை என்கிறார். மனிக் அல்லா மேல் சத்தியம் என்கிறார். ரெஃப்ரி பாவம், பேங்கில் வேலை செய்கிறவர், நாளைக்கு இருதரப்பும் அவர் கவுன்டருக்குத்தான் வர வேண்டும். அப்போது ஜலீல் சார் வலைக்குள் போகாமல் தள்ளி நின்றே சொன்னார், "பந்தைப் பாருங்கள்."

ரெஃப்ரி வலையிலிருந்து பந்தை எடுத்தார். திருப்பினார். இன்னொரு பக்கம் திருப்பினார். பிறகு மனிக்கின் கையைப் பிடித்துப் பார்த்தார். தண்ணீரோடு ஊதாவாக ஒழுகிக்கொண்டிருந்தது. பந்தில் ஒரு பொட்டு இல்லை. சலவை செய்த வேட்டி மாதிரி இருந்தது.

கோல் கிக்.

பூஜ்யத்துக்குப் பூஜ்யம். நாங்கள் கடைசி இல்லை.

உன் சாயம், உன் சட்டம், உன் நாலு பேர். உன்னை நீயே தோற்கடித்துவிட்டாய். கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜனவரி முதல் வாரம் வருகிறேன்.

இன்னொன்று. அடுத்த சீசனுக்கு இன்னொரு ஜோடி வேண்டுமாம். இதே தோல், இதே நிறம். சாயம் கட்டவே கூடாது என்று ஜலீல் சார் கண்டிப்பாகச் சொன்னார்.

கோபமா? 'நீங்கள்' என்று எழுதுவாயோ?

ஜெனி


ஆம்பூர்,
13 டிசம்பர் 1998

ஜெனி,

கோபம் இல்லை. உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் தையல் பிரிவில் உரக்கப் படித்தேன். கோல் கிக் என்றதும் மேஜையைத் தட்டினார்கள், சூப்பர்வைசர் ஓடி வந்தான். அதற்கப்புறம் என்னைச் செக்யூரிட்டி என்று யாரும் கூப்பிடவில்லை. பையைக் கொட்டுவது மட்டும் நிற்கவில்லை. மறுநாள் கேட்டில் விஜயகுமாரி அக்கா பையை மார்போடு அணைத்துக்கொண்டு "நக்கோ" என்றார். பின்னால் நின்ற எல்லோரும் "நக்கோ". செக்யூரிட்டி முழித்தான். மேனேஜர் வந்தார், அவரும் முழித்தார். அன்று யார் பையும் திறக்கவில்லை. அடுத்த நாள் திறக்கச் சொன்னார்கள், மறுபடி "நக்கோ". தினமும் நடக்கிறது. எங்கள் லீக் இன்னும் முடியவில்லை, ஆனால் கடைசி இடத்தில் இப்போது நாங்கள் இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். வார்த்தை கொடுத்த மாதிரி நானே. கத்தினாள், அழுதாள், பாத்திரம் உருட்டினாள். பிறகு, "பந்தயத்துல யாரு தோத்தது?" என்றாள். நான்தான் என்றேன். "அவ ஜெயிச்சாளா?" ஆமாம். "நல்லா வேணும் உனக்கு" என்றாள், ஒரு மாதிரி திருப்தியாக. ஊர் துப்புவதைப் பற்றி அதன்பிறகு பேசவில்லை. எதிர்வீட்டு எல்லம்மா ஏதோ கேட்டதற்கு, "என் மருமவ ஆபரேசன் தியேட்டருக்கே இன்சார்ஜு, சும்மாவா?" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

கையுறைத் தோலுக்குப் போனேன். கவுஸ் பாய் என்னையே பார்த்தார். "சாயம் போகாத தோலு வேணும்னு உலகமே கேக்குது. சாயம் போற தோலுக்கு ஆர்டர் போட்ட ஒரே ஆளு நீதான்டா" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். இந்த முறை தன் பெயரையும் சொல்லச் சொல்கிறார். ஆசிட் விடுவதற்கு முன்பே டிரம்மிலிருந்து நானே கையை விட்டு எடுத்தேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

இன்று சர்ச்சில் நம் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள். "நத்தானியேலுக்கும் ஜெனிஃபாவுக்கும்" என்று போதகர் ஐயர் வாசிக்கும்போது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் முகத்தை அல்ல, பாட்டுப் புத்தகம் பிடித்திருந்த கையை. முழங்கை வரை ஊதா. சோப்பு, மண்ணெண்ணெய், எலுமிச்சை, எதற்கும் அசையவில்லை. ஆசிட் விடாத சாயம் தோலில் ஒட்டாது என்று சொல்வார்கள். அது ஆட்டுத் தோலுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

கல்யாணத்தன்று கையுறை போட்டுக்கொள்ளச் சொல்கிறாள் அம்மா. எந்தக் கையுறை என்று கேட்டேன்.

நத்தா